கடல் கடந்து கற்பித்ததும் மலையேறிக் கற்பிப்பதும்

(வெள்ளி விழாவையொட்டித் திண்ணனூர் நாட்டில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பித்தது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தார். கணவனும் மனைவியுமாகக் கொரியா நாட்டின் பள்ளிகளில் மூன்றாண்டுகள் ஆங்கிலத் துணையாசிரியர்களாகப் பணிபுரிந்து ஊர் திரும்பியவர்கள் நாங்கள். மேடையில் நின்று பேசுவது ஒருவரே எனினும் கருத்து இருவருடையது. ஆதலின் 'நாங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

ஊர் திரும்பிய நாள் முதல் எங்களிடம் இரண்டு வினாக்கள் கேட்கப்பட்டு வருகின்றன. "அந்த நாட்டுக்கு எப்படிப் போவது?" என்பது இளைஞர்களின் வினா. "கைநிறையச் சம்பளம் கொடுத்த வேலையை விட்டுவிட்டு இந்த மலைக்கு ஏன் திரும்பி வந்தீர்கள்?" என்பது பெரியவர்களின் வினா. முதல் வினாவுக்கு விடை சொல்வது எளிது. இரண்டாம் வினாவுக்கு விடை சொல்ல வேண்டுமானால், கொரியாவில் நாங்கள் கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதைச் சொல்லியாக வேண்டும். இவ்வுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

போகும் வழி

நாங்கள் கொரியா என்று சொல்வது தென் கொரியாவையே. அந்நாட்டில் 1997 முதல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1995இல், அயல்நாட்டினரைத் தம் பள்ளிகளுக்கு அழைத்து ஆங்கிலம் கற்பிக்கச் செய்யும் திட்டத்தை அந்நாட்டு அரசு ஏற்படுத்தியது. பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகள் செல்லும் தனியார் பயிற்சி நிலையங்களோ தெருவுக்குத் தெரு உண்டு. ஆக, ஆங்கிலம் கற்பிப்போருக்கு அங்கே என்றும் தேவை இருக்கிறது.

ஆனால் யாரை அழைக்கிறார்கள் என்பதை நீங்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோர் என்று அந்நாட்டு விசா விதிகள் கொள்கின்றன. அந்த ஏழு நாட்டவர்க்கு எப்பாடத்திலேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். நம் நாட்டவர்க்கு வழி திறந்தது இந்தியாவும் கொரியாவும் 2009இல் கையெழுத்திட்டு 2010 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தத்தால்தான். அதன்படி, ஆங்கிலத்திலேயே பட்டமும் ஆசிரியப் பயிற்சிச் சான்றும் உடைய இந்தியர், பள்ளிகளில் துணையாசிரியராகப் பணிபுரியலாம். நாங்கள் சென்ற வழி அதுவே.

இந்த விதியை முதன்முதலில் படித்தபோது எங்களுக்கு வியப்பைவிடப் பழகிய ஓர் உணர்வே மேலிட்டது. பொறியியல் படித்தவர் ஆனாலும், கணக்கியல் படித்தவர் ஆனாலும், பிறந்த நாட்டால் அவர் ஆங்கில ஆசிரியர் ஆகிவிடுகிறார். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் முறையும் ஐந்தாறு ஆண்டுகள் பயின்றவரோ, பிறந்த நாட்டால் ஐயத்திற்குரியவர் ஆகிறார். பிறப்பைக் கொண்டு தகுதியை அளக்கும் அளவுகோல் நம் ஊரில் மட்டுமே விற்கப்படும் சரக்கு என்று எண்ணியிருந்தோம். அது வெளிநாட்டிலும் கிடைக்கிறது. பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆட்சேர்ப்பு முகவர் எங்கள் சான்றிதழ்களைக் கேட்பதற்கு முன்னர் எங்கள் ஒளிப்படத்தைக் கேட்டார். ஒளிப்படம் சென்ற பிறகு அவரிடமிருந்து விடையே வரவில்லை. இவற்றையெல்லாம் மறைத்து, வெளிநாடு என்றால் சமத்துவப் பூமி என்று உங்களுக்குச் சொல்லிச் செல்ல எங்களுக்கு விருப்பமில்லை.

வேறு வழிகளும் உண்டு. கொரிய அரசே அயல்நாட்டு மாணவர்க்குக் கல்வி உதவித்தொகை வழங்கி, முதலில் தம் மொழியைக் கற்பித்துப் பின்னர்த் தம் பல்கலைக்கழகங்களில் சேர்த்துக்கொள்கிறது. நம் நடுவணரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியலின மாணவர்க்கென 1954–55 முதலே இருந்து வருகிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உண்டு. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: கொரியா நம் வாசலுக்கே வந்திருக்கிறது. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு, கொரியக் குடும்பங்களும் நிறுவனங்களும் சென்னையைச் சுற்றிப் பெருகின. தமிழும் ஆங்கிலமும் கொரிய மொழியும் அறிந்த ஓர் இளைஞனுக்கு, விமானம் ஏறாமலேயே வேலை உண்டு.

எவ்வழியில் சென்றாலும், பணம் கேட்கும் தரகர் வழியில் செல்லாதீர்கள். 2022இல் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள், மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்டு மீட்கப்பட்ட செய்தியை நீங்கள் அறிவீர்கள். ஒப்பந்தம் கையில் வராமல், விசாவின் வகை இன்னதென்று தெரியாமல், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்காமல் யாரும் மலையிறங்க வேண்டா.

வகுப்பறையில் கண்டவை

கொரியாவில் புதியவர் ஒருவரைச் சந்தித்தால் முதலில் கேட்கப்படுவது வயது. அது வெறும் ஆர்வத்தால் கேட்பதன்று. அம்மொழியில் மூத்தவரிடம் பேசும் வினைமுற்று வேறு, ஒத்த வயதினரிடம் பேசும் வினைமுற்று வேறு. வயது தெரியாமல் வாக்கியத்தை முடிக்க இயலாது. ஆசிரியரை 'ஸொன்ஸெங்னிம்' என்று மரியாதை விகுதி சேர்த்தே அழைப்பர். அரசன் செஜோங் பிறந்த நாளாகிய மே 15ஐ அந்நாட்டில் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

மூன்றாண்டுகளில் எங்களிடம் எத்தனையோ பேர் வயது கேட்டனர், நாடு கேட்டனர், உணவு கேட்டனர், சம்பளமும் கேட்டனர். "எந்தத் தெரு?" என்று ஒருவரும் கேட்கவில்லை. இதன் பொருள் உங்களுக்கு விளங்கும். நம் தாத்தாக்கள் நரைத்த தலையோடு நின்றபோது, பத்து வயதுப் பண்ணைச் சிறுவன் அவர்களை 'வாடா, போடா' என்று அழைத்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மரியாதை வயதைத் தொடர்ந்து செல்லும் ஒரு மொழியில் வாழ்ந்தபோது, மரியாதை சாதியைத் தொடர்ந்து சென்ற நம் ஊர்ப்பேச்சு எவ்வளவு கோணலானது என்பது எங்களுக்குப் புதிதாக உறைத்தது.

அடுத்து எங்களை நிறுத்திய காட்சி துடைப்பம். மாலையில் பாடம் முடிந்ததும், வகுப்பறையையும் நடைகூடத்தையும் மாடிப்படியையும் மாணவர்களே கூட்டித் துடைக்கிறார்கள். முறைப்பட்டியல் சுவரில் தொங்கும்; மருத்துவர் மகனும் அதில் உண்டு, கடைச் சிப்பந்தி மகளும் அதில் உண்டு. துடைப்பம் எடுப்பதால் எந்தப் பிள்ளையும் தாழ்ந்து போவதில்லை, ஏனெனில் எல்லாப் பிள்ளையும் எடுக்கிறது. இதைக் கண்டபோது நம் நாட்டு நினைவு வராமல் இருக்குமா? 2022இல் ஈரோடு மாவட்டத்தின் ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவச் செய்ததாக எழுந்த புகாரில் தலைமையாசிரியர் கைதுசெய்யப்பட்டார். வேலை இழிவானது என்பதால் அந்தக் கொடுமை நேர்வதில்லை. குறிப்பிட்ட பிள்ளைகளுக்கென்று அந்த வேலையை ஒதுக்குவதில்தான் இழிவு பிறக்கிறது.

நண்பகலில் ஒரே சமையற்கூடத்து உணவை ஆசிரியரும் மாணவரும் ஒரே கூடத்தில் உண்பர். நம் தமிழ்நாடு இதில் பின்தங்கியதன்று. காமராசர் காலத்து மதிய உணவும், 1982இன் சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் உலகுக்கே எடுத்துக்காட்டுகள். ஆனால் 2018இல் திருப்பூர் மாவட்டத்தின் ஒரு பள்ளியில் பட்டியலினப் பெண் சமைத்தார் என்பதற்காகவே எதிர்ப்புக் கிளம்பியது. திட்டம் சமத்துவத்தைச் சட்டியில் வைக்கிறது. அதைத் தட்டிவிடும் கை இன்னும் இருக்கிறது.

ஆங்கிலப் பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொரியப் பிள்ளைகள் எல்லாப் பாடங்களையும் கொரிய மொழியிலேயே கற்கிறார்கள். ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. அப்படியிருந்தும் கப்பல் கட்டுகிறார்கள். கைப்பேசி செய்து உலகுக்கு விற்கிறார்கள். தாய்மொழியில் வேரூன்றிய அறிவே பிற மொழியைத் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அதே வேளையில், தேர்வில் முழு மதிப்பெண் பெறும் மாணவனும் எதிரில் நிற்கும் எங்களிடம் இரண்டு வாக்கியம் பேசத் தயங்குவான். பிழை நேர்ந்து நகைப்புக்கு ஆளாவோமோ என்னும் அச்சம் அவன் நாவைக் கட்டிவிடும். நம் மலைப் பிள்ளைக்கு உள்ள அதே நோய் அங்கேயும் இருந்தது. பாட்டும் விளையாட்டும் படமும் கொண்டு அச்சத்தை நீக்கிய பிறகே மொழி வந்தது.

அந்நாட்டுக் கல்வியின் இருண்ட பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாங்கள் நேர்மையற்றவர்கள் ஆவோம். நவம்பர் மாதத்தில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வன்று அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கின்றன. ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையளிக்கும் பகுதி நடக்கும்போது விமானங்கள்கூட ஏறாமல் இறங்காமல் காத்திருக்கின்றன. நாடே ஒரு தேர்வுக்காக மூச்சடக்கி நிற்பது காண அழகாயிருக்கலாம். அந்தச் சுமையை முதுகில் தாங்கும் பிள்ளைக்கு அது அழகன்று. தனியார் பயிற்சி நிலையங்களை இரவு பத்து மணிக்கு மூட வேண்டும் என்று சியோல் நகரில் விதி செய்ய வேண்டியிருந்தது என்றால், பிள்ளைகளின் நிலையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கொரியாவிலும் ஒரு சேரி இருந்தது

எங்கள் வாழ்வைத் திருப்பிய செய்தி பாடநூலில் கிடைத்ததன்று. தெற்கே ஜின்ஜு என்றொரு பழைய நகர். ஆற்றங்கரையில் கோட்டை உடையது. 1996இல் அந்நகரில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அது யாருடைய நினைவு என்று விசாரிக்கப் போய், நம்முடைய வரலாற்றையே வேறொரு மொழியில் படித்தவர்கள் ஆனோம்.

கொரியாவில் 'பேக்ஜோங்' என்றொரு மக்கள் இருந்தனர். மாடு அறுப்பதும் தோல் பதப்படுத்துவதும் கூடை முடைவதும் அவர்கள் தொழில். அவர்கள் ஊருக்குப் புறம்பே வாழ்ந்தனர். ஓட்டு வீடு கட்டக் கூடாது. பட்டு உடுத்தக் கூடாது. ஆண்மக்கள் அணியும் கறுப்புத் தொப்பியை அவர்கள் அணியக் கூடாது. பொதுமக்களின் சிறு பிள்ளைக்கும் அவர்களில் முதியவர் தலைவணங்க வேண்டும். கேட்கக் கேட்க, இது கொரியாவா கொல்லிமலை அடிவாரமா என்று எங்களுக்கு மயக்கம் உண்டாயிற்று.

அந்தப் பெயரின் வரலாறே ஒரு பாடம். 'பேக்ஜோங்' என்பது முன்னர்ச் சாதாரண உழவரைக் குறித்த சொல். இழிவுபடுத்தப்பட்ட மக்களைக் குடிமக்களோடு சேர்க்க எண்ணி, 1423இல் செஜோங் மன்னன் ஆட்சியில் அந்த நல்ல பெயரை அவர்களுக்குச் சூட்டினர். நேர்ந்தது என்ன? உழவர்கள் அந்தப் பெயரைத் துறந்தனர், பெயரே வசையாகிவிட்டது. நமக்கும் எத்தனை பெயர்கள் வந்தன! 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை ஏற்றது நம் முன்னோரின் வெற்றியே. எனினும் நிலமும் பள்ளியும் சேர்ந்து வராத பெயர் மாற்றம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அந்த 1423 நமக்குச் சொல்கிறது.

1894இல் கொரிய அரசு பிறப்பு வழி நிலைகளைச் சட்டத்தால் ஒழித்தது. 1898இல் சியோல் நகரின் பொதுக்கூட்டம் ஒன்றில், அரசு உயர் அதிகாரிகள் இருக்க, பாக் சோங்-சுன் என்னும் பேக்ஜோங் எழுந்து பேசினார். அவர் மகன் பாக் சோ-யாங், 1908இல் அந்நாட்டில் மேலை மருத்துவம் பயின்று தேறிய முதல் எழுவருள் ஒருவரானார். பின்னாளில் மஞ்சூரியா சென்று அங்கே குடியேறியிருந்த தம் மக்களுக்கு மருத்துவமனையும் பள்ளியும் அமைத்தார். ஒரே தலைமுறையில் கசாப்புக் கத்தி அறுவை மருத்துவக் கத்தியாயிற்று. ஆயினும் ஊர்ப்புறத்தில் இழிவு நீங்கவில்லை.

ஜின்ஜு நகரில் லீ ஹாக்-சான் என்னும் செல்வரான பேக்ஜோங் தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க முயன்றார். பணம் இருந்தது; பிள்ளைக்கு அறிவு இருந்தது; பள்ளிக் கதவு மட்டும் மூடியிருந்தது. அந்த மூடிய கதவிலிருந்துதான் 1923 ஏப்ரலில் 'ஹியோங்பியோங்சா' என்னும் இயக்கம் பிறந்தது. அப்பெயருக்குப் பொருள், தராசின் நிறைகோல் சமமாக நிற்பது. அதை நடத்தும் கழகம். இறைச்சி நிறுத்து விற்ற மக்கள் தங்கள் தொழிற்கருவியையே கொள்கையின் பெயராக்கிக்கொண்டனர். தொழிலைக் குறித்து அவர்கள் வெட்கப்படவில்லை.

அதன் தலைவருள் ஒருவர் ஜாங் ஜி-பில். கடல் கடந்து ஜப்பானின் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் பயின்றவர். படித்துத் திரும்பி அரசுப் பணிக்கு முயன்றபோது, குடும்பப் பதிவேட்டில் அவர் குலத்தைக் காட்டிய குறியீடு அவரைத் தடுத்தது. இன்னொரு தலைவர் காங் சாங்-ஹோ; உயர்குடியில் பிறந்தும் இவர்களோடு நின்றதால் 'புதிய பேக்ஜோங்' என்று இகழப்பட்டவர். இயக்கம் தொடங்கிய சில வாரங்களிலேயே எதிர்ப்பாளர் திரண்டு, இவர்கள் விற்கும் இறைச்சியை வாங்கோம் என்று புறக்கணிப்பு நடத்தினர். நம்மவர் தலை நிமிர்ந்த ஊர்களில் எல்லாம் கடைச் சாமான் மறுப்பும் வேலை மறுப்பும் நடந்ததை அறிந்த நமக்கு இது புதிய செய்தியா?

இன்று கொரியாவில் ஒருவரைப் பார்த்து, அவர் பேக்ஜோங் வழிவந்தவர் என்று யாராலும் சொல்ல இயலாது. அது எப்படி நேர்ந்தது? சட்டம் மட்டும் செய்த வேலையன்று. 1909இல் பதிவுச் சட்டம் வந்தபோது அனைவரும் குடும்பப் பெயர் பெற்றனர். பெயரைக் கொண்டு பிறப்பை அறிவது அரிதாயிற்று. 1945இல் ஜப்பானிய ஆட்சி நீங்கியபோது வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பேர் எழுத்தறியாதவர். நாடு முழுவதும் தொடக்கக் கல்வி இயக்கமாக நடந்தது. 1949இன் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ ஏழரை ஏக்கர் என்று வரம்பிட்டு, குத்தகை உழவருக்கு நிலத்தைச் சொந்தமாக்கியது. பின்னர் 1950 முதல் 1953 வரை நடந்த போர் மக்களை ஊர் ஊராகக் கலைத்தது. தொழிற்சாலைகள் அவர்களை நகரங்களில் சேர்த்தன. நிலம், பள்ளி, பெயர், இடப்பெயர்ச்சி ஆகிய நான்கும் சேர்ந்தே அந்தக் கட்டை அறுத்தன.

நமக்கும் நிலம் வழங்கப்பட்டதுண்டு. 1892இல் அன்றைய அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் எத்தனை கைமாறி யாரிடம் உள்ளன என்பது இன்றும் தீராத வழக்கு. பள்ளி வந்தும் நிலம் வராத இடத்தில், பிள்ளை படிப்பை நிறுத்திக் கூலிக்குப் போகிறது. இதை மறந்துவிட்டு, "கொரியாவைப் பார், உழைத்து முன்னேறியது" என்று நமக்கு அறிவுரை சொல்பவர், கதையின் பாதியைத்தான் சொல்கிறார்.

திரும்பி வந்த முன்னோர்

இனிப் பெரியவர்களின் வினாவுக்கு வருவோம். ஏன் திரும்பினோம்?

கடல் கடந்து ஆங்கிலத்தால் வாழ்ந்து திரும்பிய முதல் தமிழர் நாங்கள் அல்லர். இரட்டைமலை சீனிவாசன் அவர்களை எண்ணிப் பாருங்கள். கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில், தம் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி உடன் பயின்றோரோடு பழகாமல் ஒதுங்கி நின்றதை, 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு அஞ்சிய அந்த மாணவரே 1893இல் 'பறையன்' என்று தம் இதழுக்குப் பெயர் வைத்தார். பின்னர் அயல்நாடு சென்று, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். அங்கேயே இருந்திருக்கலாம். 1920களின் தொடக்கத்தில் திரும்பினார், சட்டமன்ற உறுப்பினரானார், பொதுச்சாலையும் கிணறும் நம்மவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் வழக்கை எடுத்துரைத்தார். அயல்நாட்டில் பிறர் வழக்கை மொழிபெயர்த்த அதே ஆங்கிலம், திரும்பி வந்த பிறகு தம் மக்கள் வழக்கைப் பேசியது.

அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றையும் நீங்கள் அறிவீர்கள். நியூயார்க்கிலும் இலண்டனிலும் கற்று 1917இல் பரோடாவுக்குப் பணியேற்கச் சென்றவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. கிடைத்த விடுதியிலிருந்தும் தடி ஏந்திய கூட்டம் வெளியேற்றியது. அயல்நாட்டில் கிடைத்த மதிப்பு எல்லைக்கு இப்பால் செல்லாத நாணயம் என்று அவர் அன்று கண்டார். அந்த நாணயத்தை வைத்துக்கொண்டு அவர் அயல்நாட்டிலேயே வாழப் போகவில்லை.

எங்களை இவர்களோடு ஒப்பிட்டுப் பேசுவதாக எண்ண வேண்டா. அவர்கள் மலை, நாங்கள் அதன் கூழாங்கல். ஆனால் கூழாங்கல்லுக்கும் மலைக்கும் கல் ஒன்றே. ஜின்ஜுவின் வரலாற்றை அறிந்த பிறகு எங்கள் உள்ளத்தில் ஒரு கணக்குத் தீரவில்லை. எங்களிடம் படித்த கொரியப் பிள்ளைகளுக்கு நாங்கள் இல்லாவிட்டால் இன்னொருவர் வருவார். ஏழு நாடுகளிலிருந்து வரிசையில் நிற்கிறார்கள். திண்ணனூர் நாட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லித்தர எந்த நாட்டிலிருந்து யார் வரிசையில் நிற்கிறார்கள்? காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வருவோர் அருவியைக் காண வருகிறார்கள். அறப்பளீசுவரரைக் காண வருகிறார்கள். நம் பள்ளியைக் காண எவரும் வருவதில்லை. இங்கே பிறந்தவர் வராவிட்டால் வருவதற்கு ஆள் இல்லை. நாங்கள் திரும்பியதற்குக் காரணம் இவ்வளவே.

இங்கே செய்ய வேண்டுவன

நம் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பன்னிரண்டாம் வகுப்பு வரை நன்கு படித்து, நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ கல்லூரிக்குச் சென்றவுடன், ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் முதல் வாரத்திலேயே நெஞ்சு தளர்ந்து, பருவத் தேர்வில் தவறி, சொல்லாமல் கொள்ளாமல் மலையேறி வந்துவிட்ட பிள்ளைகளை நாங்கள் அறிவோம். அவர்களை வீழ்த்தியது அறிவுக் குறைவு அன்று. ஒரு மொழி பற்றிய அச்சமும், வாய் திறந்தால் எந்த ஊர், எந்தத் தெரு என்பது தெரிந்துவிடும் என்னும் அச்சமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதே.

ஆதலின் கழகப் படிப்பகத்தில் வாரம் மூன்று மாலை வகுப்பு நடத்திவருகிறோம். கொரியாவில் கற்ற மூன்று பழக்கங்களை இங்கே நட்டிருக்கிறோம். முதலாவது, இலக்கணத்துக்கு முன் பேச்சு. மிளகுக்கொடி, சாமை, பலா, காப்பிப்பழம், மூடுபனி என்று பிள்ளை கண்ணால் காணும் பொருளை வைத்தே வாக்கியம் தொடங்குகிறது. கண்டறியாத பனிப்பொழிவைப் பற்றிப் பாட்டுப் பாடி அவர்கள் ஆங்கிலம் கற்க வேண்டியதில்லை. இரண்டாவது, பிழை செய்தவரை நகைப்பவர் அன்று தாமே எழுந்து மூன்று வாக்கியம் பேச வேண்டும் என்னும் விதி. அதனால் நகைப்பு அடங்கியது. மூன்றாவது துடைப்ப முறை. வகுப்பு முடிந்ததும் படிப்பகத்தைக் கூட்டும் முறைப்பட்டியலில் எல்லார் பெயரும் உண்டு. ஆசிரியர் பெயர் முதலில் உண்டு. ஆண்பிள்ளைகளுக்கு விலக்கு இல்லை.

இம்மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடி மக்கள். நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இதே படிப்பகத்தில் அமர்கிறார்கள். நமக்கு மூடப்பட்ட கதவுகளைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, நம் கதவை இன்னொருவருக்கு மூடும் உரிமை நமக்கில்லை.

இக்கழகம் திடீரென்று முளைத்ததன்று. 1894இல் சென்னையில் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும், அதற்குத் துணைநின்ற அயோத்திதாசப் பண்டிதரும், 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நிறுவிய நந்தனார் கல்விக் கழகமும் இதன் மூத்தோர். அவர்கள் எழுத்தைக் கொடுத்தார்கள். பட்டத்தைக் கொடுப்பது நம் தலைமுறையின் கடமை. பட்டம் பெற்றவர் மலையை மறவாதிருப்பது அடுத்த தலைமுறையின் கடமை.

இளைஞர்களே, போக வேண்டா என்று நாங்கள் சொல்லவில்லை. கொரியாவுக்குப் போங்கள், ஜப்பானுக்குப் போங்கள், எங்கே கதவு திறக்கிறதோ அங்கே நிமிர்ந்து செல்லுங்கள். தெருப்பெயர் கேட்கப்படாத ஒரு மண்ணில் சில ஆண்டுகள் வாழ்வது, முதுகெலும்புக்கு நல்ல மருந்து. ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, கடவுச்சீட்டை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தங்கைக்கும் அதே வாய்ப்பைக் கொடுங்கள். பெண் என்பதற்காக மலையடிவாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆனால் போகிற ஒவ்வொருவரும் இக்கழகத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்கிறோம். திரும்ப முடிந்தவர் திரும்புங்கள். முடியாதவர், வாரம் ஒரு மணி நேரம் கைப்பேசி வழியாகவேனும் இந்தப் படிப்பகத்துப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசுங்கள். இந்த வெள்ளி விழா ஆண்டில் அதற்கென ஒரு பதிவேடு தொடங்குமாறு செயலாளரை வேண்டுகிறோம். முதற்பக்கத்தில் எங்கள் இருவர் பெயரையும் இப்போதே எழுதிக்கொள்ளலாம்.



வளர்க கல்வி! வாழ்க கழகம்!